மாமியாரின் தொடை வலியும் மாப்பிள்ளையின் பச்சைச் சாறும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளாகிய தங்கள் மனைவியும் சௌக்கியம். தங்கள் சௌக்கியம் பற்றித் தகவல் இல்லை, ஏனென்றால் தாங்கள் போனை எடுப்பதில்லை. வீட்டில் மூன்றாமவரான தங்கள் மாமியாரின் சௌக்கியம் பற்றியதுதான் இந்தக் கடிதம் முழுவதும் என்பதால், அதை முதல் வரியிலேயே எழுதி முடித்துவிட மனம் வரவில்லை.

பொருள்: தங்கள் மாமியாரின் இடது தொடை வலி, அது போன விதம், திரும்பி வந்த விதம் – தொடர்பாக.

குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பொருள் என்று ஒரு வரி போடாமல் கடிதம் எழுத வராது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதிகள் பின்னால் வருகின்றன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, "டீ குடிச்சிட்டு வந்துடறேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவர் தாங்கள். அந்த டீ இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. லேபிலேயே இருக்கிறீர்கள், அங்கேயே இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்குகிறீர்கள் என்று என் மகள் சொன்னாள். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்துச் சொன்னாள். எனவே நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது என்பது தங்களுக்குத் தெரியாது.

ரயில் வேலியோரம் தானாக முளைக்கிற அந்தச் செடியை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும். அதன் இலையில் வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற சங்கதி ஏதோ இருக்கிறது, அதைத்தான் ஆராயப் போகிறேன் என்று தாங்கள் சொன்னபோது நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். தலையாட்டியதுதான் தப்பாகப் போயிற்று. "மாமா, நீங்க காலையில நடக்கத்தானே போறீங்க, வரும்போது கொஞ்சம் இலை பறிச்சிட்டு வர முடியுமா?" என்றீர்கள். கொஞ்சம் என்றால் ஆராய்ச்சிக்காரர்கள் அகராதியில் மூட்டை என்று எனக்கு அப்போது தெரியாது. மொட்டை மாடியில் நிழல் பார்த்துப் பழைய போர்வைகளை விரித்து, இலையைப் பரப்பி, கருகாமல் காயவேண்டும் என்று நேரத்துக்கு நேரம் புரட்டிப் போட்டு, ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகு நான் செய்த முதல் முழுநேர வேலை அதுதான். ஒரு நாள் காற்று அடித்ததில் இலை எல்லாம் பறந்து மேல்வீட்டுக்காரரின் ஈர வெள்ளைச் சட்டைகளில் ஒட்டி, அவர் அடுத்த வாரம் முழுக்கப் பச்சைப் புள்ளியோடு அலுவலகம் போனார். அவர் கொடுத்த புகாரோ, வேறு யார் கொடுத்ததோ, ஒரு போலீஸ்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"என்ன சார் காயப் போட்டிருக்கீங்க?"

"இலை."

"இலைன்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"எலிக்கு."

"எலிக்கா?"

"எலிக்கு வலி மருந்து."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எலிக்கு வலிக்குதுன்னு உங்ககிட்ட யார் சார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நாங்கதான் வலிக்க வைக்கறோம்."

அதற்குப் பிறகு அவர் என்னை சார் என்று கூப்பிடவில்லை. ஓர் இலையை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்து, முகத்தைச் சுளித்து, மாடிச் சுவருக்கு வெளியே துப்பி, "இவ்வளவு கசப்பை யாரும் சந்தோஷத்துக்காகத் தின்ன மாட்டாங்க" என்று சொல்லி விசாரணையை முடித்துக்கொண்டார். தங்கள் ஆராய்ச்சிக்கு மனித இனத்தில் முதல் அங்கீகாரம் அதுதான்.

பிறகு மூட்டையோடு என்னை லேபுக்கும் அழைத்துப் போனீர்கள். காட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு வெள்ளை எலியின் உள்ளங்காலில் சின்ன ஊசி போட்டீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாதம் உப்பி வந்தது, தாங்கள் அதை அளந்து எழுதினீர்கள். சில எலிகளுக்கு நம் இலைச் சாறு, சிலவற்றுக்குக் கடை மருந்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். பக்கத்து மேசையில் ஒரு சூடான தட்டு, அதன்மேல் எலியை விட்டு, அது எப்போது தன் காலை நக்குகிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஒரு மாணவி பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே நக்கினால் மருந்து சரியில்லை, தாமதமாக நக்கினால் மருந்து நல்ல மருந்து. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி மட்டும் குடிச்ச எலி என்ன பாவம் பண்ணுச்சு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அது கன்ட்ரோல் மாமா. அது வலியோட இருந்தாத்தானே, மத்ததுக்கு வலி குறைஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியும்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து இதைத் தங்கள் மாமியாரிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தொடையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த வீட்டுல தண்ணி எலி நான்தானா?" என்றாள்.

அந்த வலி அவளுக்கு எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "தேய்மானம்மா, வயசாகுது இல்ல" என்று சொல்லி மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது, வயிற்றுக்கு எழுதிய மாத்திரை தலையைச் சுற்ற வைத்தது, தலைக்கு எழுதிய மாத்திரையை அவள் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். இன்னும் வலி இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றும் அந்த டாக்டர் சொல்லி, அதற்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

பிறகு அவள் தங்களை நேராகவே கேட்டாள். "எலிக்குக் குடுக்கறதை எனக்கும் குடுங்க மாப்பிள்ளை."

"அது இன்னும் மனுஷங்களுக்குக் குடுக்கற நிலையில இல்லை அத்தை. எவ்வளவு குடுக்கணும், குடுத்தா வேற என்ன ஆகும், எதுவும் தெரியாது. அதுக்கு முறைப்படி அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?"

"குழு இருக்கு அத்தை. மனுஷங்க மேல சோதிக்கறதுக்கு அவங்க அனுமதி குடுக்கணும்."

"நான் மனுஷிதானே? நான் குடுத்துட்டேன் அனுமதி. அடுத்து யாரைக் கேக்கணும்?"

தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அன்றைக்குத் தாங்கள் கொடுக்கவில்லை. சரியாகத்தான் நடந்துகொண்டீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சில நாள் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வந்தபோது, அவள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டீர்கள். காலை ஊன்ற முடியாமல், குழந்தைகள் இறங்குவதுபோல ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். தங்களைக் கண்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "சும்மா படியைத் துடைக்கலாம்னு" என்றாள். கையில் துணிகூட இல்லை. தாங்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டீர்கள்.

அதன்பின் தாங்கள் செய்ததை என் மகள் வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். சாற்றை முதலில் தாங்களே குடித்துப் பார்த்திருக்கிறீர்கள். முதல் நாள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, வீக்கத்துக்கான மருந்தால் வீங்கிய ஒரே மனிதர் என்ற பெருமையோடு லேபுக்கு லீவு போட்டிருக்கிறீர்கள். பிறகு அளவைக் குறைத்து, வேறு விதமாக வடிகட்டி, மறுபடி குடித்து, வயிறு கலங்கி, மறுபடி குறைத்திருக்கிறீர்கள். "வீட்டுல இருக்கறது ஒரே பாத்ரூம் அப்பா, அதுலயும் இவர் ஆராய்ச்சியை ஆரம்பிச்சிட்டார்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம். தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று உறுதியான பிறகு ஒரு பழுப்பு பாட்டிலைக் கொண்டுவந்து, காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி என்று சொல்லி, அத்தையின் கையில் கொடுத்தீர்கள்.

மாப்பிள்ளை, அது வேலை செய்தது. இதை எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். ஒரு வாரத்தில் அவள் நடந்தாள். அதற்கடுத்த வாரம் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். ஸ்டூலில் ஏறித் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். காலம்காலமாக ஒத்திவைத்திருந்த சண்டைகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக முடித்தாள். மேல்வீட்டுக்காரர் படியில் செருப்பு விடுவதை நிறுத்தினார், பால்காரர் நேரத்துக்கு வந்தார், நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதை விட்டேன். ஒரு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனவள் மழையில் முழுக்க நனைந்து, குடையைக் கையில் மடக்கி வைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டு வந்தாள். "ஏன் விரிக்கலை?" என்றால், "ஓடலாம்னு தோணுச்சு, ஓடினேன்" என்கிறாள். அவள் ஓடி நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதையும் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தேன்.

இந்த நிலையில்தான் ஸ்கேனுக்குச் சொல்லியிருந்த நாள் வந்தது. "வலியே இல்லாத காலை எதுக்குப் படம் எடுக்கணும்? காலுக்கென்ன கல்யாணமா?" என்றாள் தங்கள் மாமியார். நான் சிரித்தேன். தாங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள். "எதுக்கும் ஒரு தடவை எடுத்துடலாம் அத்தை" என்று சொன்னீர்கள். மெதுவாகச் சொன்னீர்கள். அடுப்படியில் குக்கர் சத்தம், அவள் காதில் விழவில்லை. தாங்கள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அந்த இரண்டாவது தடவைக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நானும் அங்கேதான் இருந்தேன், எனக்கும் வாய் இருந்தது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் குடிநீர் அலுவலகம். தாங்கள் மருந்து.

அவள் விழுந்த அன்று வீட்டில் நான் மட்டும்தான். போர்வைகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவ்வளவுதான், வழுக்கவும் இல்லை, இடறவும் இல்லை. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். கத்தவில்லை. "என்னங்க, கால் மடங்கிடுச்சு" என்று பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோலத் தரையிலிருந்து சொன்னாள். ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கட்டடம் கட்டியவனை ஏதோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் சாப்பாட்டு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, புடவையால் சேர்த்துக் கட்டி, நாலு பேராகத் தூக்கி இறக்கினோம். நாலாவது ஆள் மேல்வீட்டுக்காரர். அவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே இறங்கியதால், "கண்ணைத் திறந்து தூக்குங்க சார், நான் ஒண்ணும் அவ்வளவு கனமில்லை" என்று அவள் அந்த நிலையிலும் சண்டை போட்டாள்.

அப்புறம் நடந்தது தங்கள் முன்னால் நடந்தது. அறுவை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். "விழுந்ததால எலும்பு உடையலை. எலும்பு உடைஞ்சதால விழுந்திருக்காங்க" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. தங்களுக்கு வித்தியாசம் புரிந்தது, தாங்கள் சுவரில் கை வைத்ததைப் பார்த்தேன். வேறெங்கோ கிளம்பிய புற்றுக் கட்டி எலும்பில் வந்து தங்கி உள்ளேயே அரித்திருக்கிறதாம். "இது மாசக்கணக்கா வலிச்சிருக்கணுமே? படுக்க விட்டிருக்காதே? இத்தனை நாள் எப்படிம்மா பொறுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். தள்ளுவண்டியில் கிடந்தபடி தங்கள் மாமியார், பரிசு வாங்கிய பிள்ளையை மேடையில் காட்டுகிற தாயைப்போலக் கையை நீட்டி, "வலி இருந்துச்சு டாக்டர். என் மாப்பிள்ளை கண்டுபிடிச்ச மருந்துல சுத்தமாப் போயிடுச்சு. இதோ நிக்கறாரே, இவர்தான்" என்றாள். டாக்டர் தங்களைப் பார்த்தார். என் மகள் தங்களைப் பார்த்தாள். அந்த வராந்தாவில் தங்களைப் பெருமையோடு பார்த்தது தங்கள் மாமியார் ஒருத்திதான். தாங்கள் டீ குடிக்கப் போனீர்கள்.

தாங்கள் போன பிறகு நடந்தவை: தொடைக்குள் இரும்புக் கம்பி வைத்தார்கள். வார்டில் தங்கள் மாமியார் தங்கள் மருந்துக்குச் செய்த விளம்பரத்தில் பக்கத்துக் கட்டில் அம்மா தொடங்கி நர்ஸ் வரை எல்லோருக்கும் தங்கள் நம்பர் போய்விட்டது. எனவே தங்கள் போனில் அடிப்பது எல்லாம் நான்தான் என்று பயப்பட வேண்டாம், பாதி மூட்டுவலி. தங்கள் பேராசிரியரும் பழப்பையோடு வந்தார். எலிகளிடம் நம் சாறு கடை மருந்தையே முந்திவிட்டதாம், வீக்கமும் வலியும் இரண்டுமே குறைந்திருக்கிறதாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. பிறகு எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து முகத்தை மாற்றிக்கொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. கட்டில் அருகே குனிந்து, "அம்மா, மருந்து குடிக்கறதுக்கு முன்னாடி வலி பத்துக்கு எவ்வளவு இருந்திருக்கும்?" என்று கேட்டார். அவள் ஊசி மயக்கத்தில் பாதிக் கண்ணைத் திறந்து, "நீங்க எந்த எலி?" என்றாள். அவர் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அறுவை டாக்டரைத் தனியாகப் பிடித்து, ஸ்கேன் அன்றைக்கே எடுத்திருந்தால் என்று கேட்டேன்.

"முன்னாடியே பிடிச்சிருக்கலாம்."

"பிடிச்சிருந்தா?"

"இன்னும் கொஞ்சம் காலம் கிடைச்சிருக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?"

"சார், இதுக்கு மேல நான் எது சொன்னாலும் பொய்தான்."

இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள என் மகளும் இங்கேயே வந்து தங்கிவிட்டாள். இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் நல்லவிதமாகச் சொன்னார்கள். வலி திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் மாத்திரையில் என் மனைவி நாள் முழுக்கத் தூங்குகிறாள். விழிக்கும்போது வலி, வலி இல்லாதபோது தூக்கம், இரண்டுக்கும் நடுவில் அவளோடு பேசக் கிடைப்பது மிகச் சொற்பம்.

தங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். "தண்ணீர் விரைவில் வரும்" என்று வருஷக்கணக்காக ஊருக்கே கடிதம் எழுதியவன் நான், பொய் வாக்கியம் எனக்குப் புதிதல்ல. இருந்தும் இது கையில் வரவில்லை. அந்த வலி மட்டும் அவளிடம் இருந்திருந்தால், அதுவே அவள் பிடிவாதத்தையும் என் சிரிப்பையும் மதிக்காமல், அவளைத் தரதரவென்று இழுத்துப் போய் ஸ்கேன் மேசையில் படுக்க வைத்திருக்கும். தாங்கள் அதை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாகப் பேசவிடாமல் செய்துவிட்டீர்கள். அன்பில்தான் செய்தீர்கள். அன்பில் செய்ததால் எனக்குத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று, அது இன்னொரு குறை. எனவே நான் முடிவு செய்தவை: மாடியில் கிடந்த இலைகளை வாரிக் குப்பையில் போட்டாயிற்று. இனி இந்த வீட்டுக்கு அந்தச் செடியின் ஓர் இலையும் வரக்கூடாது. தாங்களும் இப்போதைக்கு வர வேண்டாம். எல்லாம் முடிந்த பின் தகவல் சொல்கிறேன். என் மகள் தங்களிடம் வர விரும்பினால் தடுக்க மாட்டேன். அவளிடம் சொன்னேன், மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

தாங்கள் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். எந்தக் கோபத்திலும் இதை மாற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பேராசிரியருக்கு என் வணக்கம். எலிகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாததால் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. உறையில் போடும்போது அவள் விழித்துக்கொண்டு யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். படிக்கச் சொன்னாள். படித்தேன். கண்ணை மூடியிருந்ததால் தூங்கிவிட்டாள் என்று நினைத்து இரண்டு இடத்தில் வேகமாகத் தாண்டினேன். அந்த இரண்டையும் திரும்பப் படிக்க வைத்தாள். பிறகு கேட்டாள், "வர வேண்டாம்னு எழுதினது நீங்களா, உங்க ஆபீசா?"

"நான்தான்."

"அவரை வரச் சொல்லுங்க. வரும்போது அந்த பாட்டிலையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அதாலதானே இவ்வளவும்?"

"வலி சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சுங்க. இனி அது எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கணும்? இந்த மாத்திரையில பகல் எது, ராத்திரி எதுன்னு தெரியலை. கொஞ்ச நாளாவது முழிச்சிக்கிட்டு இருக்கணும் எனக்கு. உங்ககூட சண்டை போடணும்."

நான் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். நிச்சயம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "குடுங்க சார்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம் எனக்கு இப்போது புரிகிறது.

ஆகவே மேற்கண்ட உத்தரவுகள் அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. இன்று காலையில் ரயில் வேலிக்குப் போய் இலை பறித்து வந்தேன், மாடியில் காய்கிறது. போதாவிட்டால் நாளையும் போகிறேன். என் மகள் தங்கள் வேட்டியையும் தலையணையையும் எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை, வாங்க. உங்களைப் பார்த்ததும் என் முகம் நன்றாக இருக்காது. அதைப் பொருட்படுத்தாமல் நேரே உள்ளே போய்விடுங்கள்.